ஆகாயக் கோர்ட்டில் அணைத்த சூடம்

எங்கள் தோட்டத்தில் வருடத்துக்கு ஒரு நாடகம் நடக்கும். அம்மன் திருவிழாவின் கடைசி நாள், கோயிலுக்கு நேர் எதிரே மேடை போட்டு, பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் முடித்துவிடுவார்கள். விடிய விடிய ஆடும் கூத்தெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மறுநாள் விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு வந்து வரிசையில் நின்று பேர் கொடுக்காவிட்டால், அன்றைக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

மலாயாவில் பத்து பாகாட் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் அது. என் கணவர் அங்கே ஆஸ்பத்திரி டிரஸர். காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், மற்ற நேரத்தில் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். கல்யாணமாகி ஜொகூர் பாருவிலிருந்து வந்த புதிதில், ‘டிரஸரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்’ என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது. சொன்னவள் யார் என்று தேடிக் கண்டுபிடித்து, வாய் எவ்வளவு நீளம் என்று அவளுக்குக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். அவள் பிற்பாடு எனக்கு நல்ல சிநேகிதியானாள்.

நாடக மேடையில் பெண்கள் ஏறக்கூடாது. ஆண்களே சேலை கட்டி ஆடுவார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால், திரைக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலை மட்டும் எனக்கு வந்தது. இரண்டு வருடம் அதைச் செய்தேன். இரண்டு வருடமும் அதே ராஜா கதை, அதே சண்டை. யார் ராஜா என்பதுதான் சண்டை. மேல் லயத்து ஆள் ராஜா என்றால் கீழ் லயம் பந்தல் கட்ட வராது. கீழ் லயத்து ஆள் ராஜா என்றால் மேல் லயத்தில் மேளம் பழுதாகிவிடும். கடைசியில் இரண்டும் வேண்டாம் என்று பெரிய கங்காணியே ராஜா ஆவார். அவருக்கு அதுதான் வேண்டியதும். நல்ல உயரம், முறுக்கிய மீசை, வெண்கலக் குரல். வசனம் மட்டும் நிற்காது. அதற்குத்தான் நான்.

மூன்றாம் வருடம் ஆலோசனைக் கூட்டத்தில் சண்டை முற்றி ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பொறுக்கவில்லை. ராஜாவே இல்லாத ஊரைப் பற்றி நான் எழுதித் தருகிறேன், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு போய்த் தூங்குங்கள் என்றேன்.

“ராஜா இல்லாத ஊரா?” என்றார் கங்காணி. “அப்ப நான் யாரு?”

எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டேனே தவிர, ராஜா இல்லாத ஊர் இந்தப் பூமியில் எங்கே இருக்கிறது? ஜொகூருக்கே சுல்தான் உண்டு. அதனால் ஆகாயத்துக்குப் போனேன். துரை படித்துவிட்டுத் தூக்கிப் போடும் படப் புத்தகங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும். நோயாளிகள் படம் பார்ப்பார்கள். அதில் ஒன்றில் சந்திரனுக்குப் போகிற கப்பலை யாரோ வரைந்திருந்தார்கள். அது போதும் எனக்கு. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போய்க்கொண்டே இருக்கிற ஒரு ஜனம். கப்பல்தான் அவர்களுக்கு ஊர், காடு, லயம் எல்லாம். மண்ணை மிதித்தவர்கள் அவர்களில் ஒருவரும் இல்லை. ராஜா கிடையாது, துரை கிடையாது, கோர்ட்டு மட்டும் உண்டு.

கோர்ட்டு ஏன் வந்தது என்றால் என் அப்பாவால். அவர் ஜொகூர் பாரு கோர்ட்டில் துபாஷி. தமிழில் சொல்வதை மலாயிலும் இங்கிலீஷிலும், அவர்கள் சொல்வதைத் தமிழிலும் திருப்பிச் சொல்வார். சாயங்காலம் வந்து சோற்றில் கை வைத்ததும் புலம்பத் தொடங்குவார். வக்கீல் வைக்க வழியில்லாதவன் கூண்டில் நிற்கிறான், அவனுக்காகப் பேச ஒரு ஆள் இல்லை, அவன் சொல்கிற நாலு வார்த்தையை நான் மாற்றிச் சொல்வதற்குள் தீர்ப்பு முடிந்துவிடுகிறது என்பார். கேட்டுக் கேட்டு எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும். அப்பா இரண்டாம் முறை ரசம் ஊற்றச் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார்.

ஆகவே ஆகாயத்தில் என் இஷ்டப்படி சட்டம் போட்டேன். அந்தக் கப்பலில் வக்கீல் என்று தனியாக யாரும் கிடையாது. எவன் குற்றம் சாட்டுகிறானோ, அவனேதான் முதலில் குற்றவாளிக்காக வாதாட வேண்டும். ஒரு கட்டிச் சூடம் எரிந்து தீரும் வரைக்கும், எதிராளியின் பக்கத்து நியாயம் அத்தனையும் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். ஒளித்துப் பேசக் கூடாது. சூடம் அணையும் தறுவாயில் அதை உள்ளங்கையால் அணைத்து, நான் சொன்னதெல்லாம் சத்தியம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் மனம் வந்தால் வழக்கை நடத்தலாம். தண்டனை ஒன்றே ஒன்று. கப்பலில் ஜெயிலுக்கு இடம் ஏது? வழியில் வருகிற அடுத்த நட்சத்திரத்தில் குற்றவாளியைத் தனியாக இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தத் தண்டனையை லயத்து ஜனங்களுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ரப்பர் விலை விழுந்து கிடந்த சமயம். வேலை போனவர்களை மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து பார்த்தே இராத ஊருக்குப் போனவர்களும் உண்டு.

நாடகத்துக் கதை சின்னது. கப்பலில் ஒருவன் ஒரு குடம் குடிதண்ணீரைத் திருடி, ரகசியமாக வளர்த்த செடிக்கு ஊற்றிவிடுகிறான். தண்ணீருக்குக் காவலாக இருக்கிறவர் அவன்மேல் வழக்குத் தொடுக்கிறார். சட்டப்படி அவரே அவனுக்காக வாதாடுகிறார். அந்த வாதம் மட்டும் நோட்டுப் புத்தகத்தில் நாலு பக்கம். நாலு பக்கம் என்று தெரிந்ததும் கங்காணி அந்த வேஷத்தை வேறு யாரும் தொட விடவில்லை. ராஜா இல்லாத குறை அவருக்குத் தீர்ந்துவிட்டது. நீதிபதிக்கு மூன்றே வரி. அது என் கணவருக்கு.

குற்றவாளி வேஷம் மூன்றாம் நம்பர் காட்டில் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு இளைஞருக்கு. சாதுவான ஆள், கூண்டில் நின்று தலையைக் குனிந்தாலே ஜனங்களுக்கு இரக்கம் வந்துவிடும். தை பிறந்தால் கீழ் லயத்துப் பெண்ணோடு அவருக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் எனக்குத் துணி துவைக்க உதவியாக வருவாள். கல்யாணச் சேலையின் கரை என்ன நிறம் என்பது பற்றி வாரம் ஒரு முடிவு சொல்வாள்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். ஆகாயத்தில் மனிதனுக்குக் கனம் இருக்காது என்று அந்தப் படப் புத்தகத்தைப் பார்த்து என் கணவர் சொல்லியிருந்தார். கனம் இல்லாதவன் எப்படி நடப்பான்? துள்ளித் துள்ளித்தான். எங்கள் ஆட்களோ வயலில் இறங்கியவர்கள் மாதிரி தொம் தொம்மென்று நடந்தார்கள். நடிக்கிற ஆறு பேருக்கும் காலில் ரப்பர் மெத்தை கட்டிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சுற்றிலும் ரப்பர், கேட்பானேன்? பால் வடிய மரத்தில் கட்டும் மங்குக் கிண்ணத்தில் அப்படியே உறைந்துபோகிற கட்டிப்பால், பட்டையும் மண்ணும் ஒட்டிக்கொண்டு நாற்றமடிக்கும். அதில் கொஞ்சம் எடுத்து வாருங்கள் என்று அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் சற்றே தயங்கினார். நான் அதைக் குப்பை என்று நினைத்தேன். தோட்டத்தில் குப்பையும் துரையுடையது என்பது டிரஸர் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை. டிரஸரம்மா கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

அவர் கொண்டுவந்ததை அமுக்கி, கால் அளவுக்கு வெட்டி, துணி சுற்றி, மேலே தேயிலைப் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டினேன். நாற்றத்துக்குச் சந்தனத்தூள் போட்டேன். சந்தனமும் கட்டிப்பாலும் சேர்ந்தால் என்ன வாசனை வரும் என்று சொல்லத் தமிழில் வார்த்தை இல்லை. ஒத்திகையில் ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைச் சந்தேகமாகப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். மெத்தை எதனால் செய்தது என்று கங்காணி கேட்டார். ரகசியம் என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒத்திகை முடிந்தும் கழற்ற மனமில்லாமல் வீடு வரைக்கும் துள்ளிக்கொண்டே போனார். அவ்வளவு பெரிய மனிதர் மீசையோடு துள்ளிப் போவதை லயத்து வாசல்களில் நின்று பார்த்தார்கள், ஆனால் அவர் தாண்டிப் போகும் வரை யாரும் சிரிக்கவில்லை.

நாடகத்தன்று மத்தியானம் ஆஸ்பத்திரியின் பின்னறையில் எல்லோருக்கும் நானே அரிதாரம் பூசிக்கொண்டிருந்தேன். குற்றவாளியின் முறை வந்தது. மாவு பூசப் பூசக் கண்ணீர் கரைத்தது. வேஷத்துக்குள் இறங்கிவிட்டார் போலிருக்கிறது, பரவாயில்லையே என்று நான் நினைத்தேன். அப்புறம்தான் சேலைக்கரைப் பெண் கதவருகே நின்று விசும்புவதைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். அன்று காலை கங்காணி இவர் வீட்டுப் பின்னால் போனபோது, சாக்கு மூடிய கட்டிப்பால் கொஞ்சம் அகப்பட்டிருக்கிறது. யார் எடுத்தது என்று கேட்டதற்கு நான்தான் என்று இவர் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. திருவிழா நாளில் வேண்டாம், நாளைக் காலை பெரட்டில் துரையிடம் சொல்லிவிடுகிறேன் என்று கங்காணி சொல்லிவிட்டுப் போய்விட்டார். துரையிடம் போனால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும், அப்புறம் கப்பல். தை மாதக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை இங்கே இருக்கமாட்டார்.

மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அது மெத்தை வெட்டி மிஞ்சிய கட்டிப்பால். இப்போதே போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவர் தடுத்தார்.

“வேணாம்மா,” என்றார். “நீங்க கேட்டீங்கன்னு தெரிஞ்சா டிரஸர் ஐயா வேலையும் போயிடும். ஆஸ்பத்திரிக்கு வேற ஆளு வரமாட்டாங்க. நான் ஒருத்தன் போனா போதும்.”

உண்மையைச் சொல்கிறேன். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுளில் வாயை மூடிக்கொண்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அன்று பார்த்தா மூட வேண்டும்? என் கணவரின் முகம் நினைவுக்கு வந்தது, பயந்துவிட்டேன். என் மேல் வந்த கோபம் முழுவதையும் கங்காணி மேல் திருப்பினேன். அது சுலபமாக இருந்தது.

மேடையில் இன்னொரு கூத்து. சூடத்துக்குப் பதிலாக எண்ணெய்ப் பஞ்சு வைத்துத்தான் ஒத்திகை பார்த்திருந்தோம். அன்று அது எரியாமல் புகைந்தது. சாமான் எடுத்துக் கொடுக்கிறவர் யோசிக்கவேயில்லை. எதிரே இருந்த கோயிலுக்குள் ஓடி, பூசாரியிடம் ஒரு கட்டிச் சூடத்தை வாங்கி, தட்டில் ஏற்றி மேடை நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டார். சூடம் அம்மனைப் பார்த்து எரிந்தது. நானும் அதைப் பற்றி நினைக்கவில்லை. என் புத்தி கங்காணியைத் திட்டுவதில் இருந்தது.

நட்சத்திரக் குடிகள் துள்ளித் துள்ளி வந்தபோது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிள்ளைகள் கீழேயும் துள்ளத் தொடங்கினார்கள். என் கணவர் நீதிபதியாக உட்கார்ந்து, தன் மூன்று வரியில் முதல் வரியைச் சொன்னார். கங்காணி நடுவில் வந்து நின்று, கையை நீட்டி, தொடங்கினார். முதல் பக்கம் ஆறாகப் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் பாதி. அங்கே நின்றார். மீசையைத் தடவினார். இரண்டு முறை துள்ளினார். திரைப் பக்கம் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். அது எங்களுக்குள் அடையாளம். அடுத்த வரி என் விரலுக்கு அடியில் இருந்தது.

நான் நோட்டுப் புத்தகத்தை மூடினேன்.

திட்டம் போட்டுச் செய்தேன் என்று பின்னாளில் லயத்தில் என்னைப் புகழ்ந்தார்கள். திட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆத்திரம். ஊர் முன்னால் அந்த ஆள் பேந்தப் பேந்த விழிக்கட்டும் என்ற கெட்ட புத்தி.

கங்காணி மறுபடி கனைத்தார். நான் சும்மா இருந்தேன். சூடமோ எரிந்துகொண்டிருந்தது, அது தீரும் வரைக்கும் பேசியாக வேண்டும் என்பது சட்டம், ஜனங்கள் வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் எதிரே கூண்டில் தலை குனிந்து நின்ற ஆளைப் பார்த்தார். வேறு ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது. தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

“இவன் ஒரு நாளும் பெரட்டுக்குப் பிந்தி வந்ததில்லை,” என்றார். கப்பலில் ஏது பெரட்டு? யாரும் கேட்கவில்லை. “மரத்துக்குக் காயம் படாம வெட்டறதுக்கு இந்தக் கப்பல்லயே இவனை விட்டா ஆளு இல்ல. வெள்ளம் வந்த வருஷம் என் சம்சாரம் காய்ச்சல்லே பினாத்திக்கிட்டுக் கெடந்தா. கதவைக் கழட்டி அதிலே அவளைப் படுக்க வச்சோம். முன்னால இவன், பின்னால நான். இடுப்பளவு தண்ணி. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் இவன் கதவைத் தோளை விட்டு இறக்கலை. அவ மேல ஒரு சொட்டுத் தண்ணி படலை. அப்பேர்ப்பட்டவனா ஒரு குடம் தண்ணிக்கு ஆசைப்படுவான்? எடுத்திருந்தா ஏதோ காரணம் இருக்கும். கேட்டேன், சொல்லமாட்டேங்கிறான். சொல்லாத காரணம் எப்பவும் அடுத்தவங்களுக்காகத்தான் இருக்கும்.”

முன் வரிசையில் கங்காணியின் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், ஒன்ஸ் மோர் என்றது. அதைத் தொடர்ந்து மேல் லயம், கீழ் லயம் எல்லாம் ஒரே குரலாக ஒன்ஸ் மோர் கேட்டன. ராஜாவாக நடித்த வருடங்களில் ஒரு தடவைகூட அவருக்கு அது கிடைத்ததில்லை. கதவைத் தூக்கியதை மறுபடி முழுசாகச் சொன்னார். இந்தத் தடவை தண்ணீர் நெஞ்சளவுக்கு வந்திருந்தது. சொல்லிக்கொண்டே அழுதார். கூண்டில் நின்றவரும் அழுதார். சூடம் தீர்ந்து வந்தது. சத்திய வசனம் மட்டும் கங்காணிக்கு மறக்காது, அது அவருக்கு ரொம்பப் பிடித்த வரி. உள்ளங்கையை வைத்துச் சூடத்தை அழுத்தி அணைத்தார்.

“இவனுக்காக நான் சொன்னது அத்தனையும் சத்தியம். இவன் குற்றவாளி என்றால், அந்தக் குற்றம் என்னையும் சேரட்டும்.”

அப்போதுதான் கூட்டத்தில் ஒரு மூச்சு எழுந்து அடங்கியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோயில் வாசலில் நின்ற பூசாரி வெற்றுத் தட்டைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார்.

“கங்காணி,” என்றார், “அது கோயில் சூடம். அம்மன் பார்க்க அணைச்சிட்டீங்க.”

கங்காணி தன் கரிபட்ட உள்ளங்கையைப் பார்த்தார். எங்கள் ஜனங்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட்டில் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்கிறவன்கூடச் சூடத்தை அணைத்துவிட்டுப் பொய் சொல்லமாட்டான். நாளைக் காலை பெரட்டில் இவர் எந்த வாயால் திருடன் என்று சொல்வார்? அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் கெடுதல் நினைத்து வாயை மூடியதால், அந்த மனிதர் தன் நெஞ்சில் இருந்த நல்லதையெல்லாம் ஊர் முன்னால் கொட்டிவிட்டார். நான் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. திரையை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டேன்.

அந்த மேடையில் அதுவரை ஒரு பெண்ணும் ஏறியதில்லை.

“கட்டிப்பால் கொண்டாரச் சொன்னது நான்தான்,” என்றேன். “குப்பைன்னு நெனச்சேன். அவர் வீட்டுப் பின்னால கெடந்தது மிச்சம். மத்தது எல்லாம் உங்க கால்லே இருக்குங்க, கங்காணி ஐயா.”

கங்காணி குனிந்து பார்த்தார். ஒரு காலைத் தூக்கி மெத்தையை மோந்து பார்க்கப் போனார். மற்றக் கால் துள்ளிவிட்டது. அவர் நீதிபதியின் மடியில் போய் விழுந்தார். நாலு நாளாகப் பக்கத்து ஆளைச் சந்தேகப்பட்ட நட்சத்திரக் குடிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். அன்றைக்கு எழுந்த சிரிப்பு துரை பங்களா வரைக்கும் கேட்டதாம்.

மறுநாள் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு முடிக்க வேண்டிய இடம் வேறு. கங்காணி மெத்தைகளையும் மிச்சத்தையும் ஒரே சாக்கில் போட்டுத் துரை முன்னால் கொண்டுபோய் வைத்தார். நாடகத்துக்காக எடுத்தது, என் காலிலும் இருந்தது, பொறுப்பு என்னுடையது என்றார். துரை சாக்கைத் திறந்து ஒரு முறை மூச்சு இழுத்தார். சந்தனமும் கட்டிப்பாலும் சேர்ந்து மூக்கில் ஏறின. உடனே அதைக் கொண்டுபோய் ஸ்டோரில் போடச் சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். என் கணவர் என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. அவர் வழக்கமாகவே பேசாதவர் என்பதால் அது எனக்கு நாலாம் நாள்தான் தெரிந்தது. தையில் கல்யாணம் நடந்தது. சேலைக்குச் சிவப்புக் கரை. கங்காணிதான் தாலித் தட்டை ஊர் முழுக்கக் கொண்டுபோய்த் தொட்டுக் கும்பிட வைத்தார்.

மேடைக்குத் திரும்புகிறேன். கங்காணியைத் தூக்கி நிறுத்தினார்கள். சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் செய்தது செய்ததுதான், அதற்கு ஒரு முடிவு வேண்டாமா? நான் கூண்டுக்குள் போய் நின்றேன். அந்த இளைஞர் பதறி விலகினார். என் கணவர் நீதிபதி நாற்காலியில் ஜடமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, பயம் இருந்தது, கூடவே இன்னும் என்னவோ இருந்தது. அவருடைய மூன்று வரியில் மிச்சம் இருந்த இரண்டும் இதற்குப் பொருந்தாதவை. எழுதிக் கொடுக்காத நாலாவது வரி ஒன்றை அவராகவே சொன்னார்.

“இவங்க மேல குற்றம் சாட்டறது யாரு?”

மேல் லயம் கீழ் லயத்தைப் பார்த்தது. அம்மை போட்டுக் கிடந்தபோது என் கையால் கஞ்சி குடித்தவர்கள், என் வாயால் வசை வாங்கியவர்கள், எல்லோரும் அங்கே இருந்தார்கள். கங்காணி மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டு ஓர் அடி முன்னே துள்ளினார்.

“நான்தான்,” என்றார்.

அவர் பூசாரியைத் திரும்பிப் பார்த்து, இன்னொரு கட்டி வேண்டும், பெரிய கட்டியாக வேண்டும் என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் சட்டப்படி, குற்றம் சாட்டுகிறவன்தானே முதலில் குற்றவாளிக்காகப் பேச வேண்டும்.

சூடம் வந்தது. கங்காணி தொண்டையைக் கனைத்தார். எடுத்துக் கொடுக்கத் திரைக்குப் பின்னால் ஆள் இல்லை, அவர் தேடவும் இல்லை. தன் மனைவி பிழைத்து எழுந்ததற்கு முதல் காரணம் கதவைச் சுமந்தவர்கள் அல்ல, மூன்று நாள் கண்மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்த அம்மாள்தான் என்றார். தண்ணீர் இந்த முறை கழுத்தளவுக்கு ஏறிவிட்டது. நான் பொறுமையில் பூமாதேவி என்றார். ஒருவரையும் குரல் உயர்த்திப் பேசி அறியாதவள் என்றார். அந்த இடத்தில் கூட்டம் கொல்லென்று சிரித்தது. நீதிபதி நாற்காலியில் என் கணவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கங்காணி சட்டை செய்யவில்லை, பேசிக்கொண்டே போனார்.

அன்று முழுவதும் நான் மனசுக்குள் திட்டித் தீர்த்த மனிதர். சாகும்வரை எனக்காக நானே பேசிக்கொள்வேன் என்று இருந்தவள் நான். எனக்காக இன்னொருவர் வாதாடி அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். கூண்டில் நின்று அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது. சூடம் தீரப் போகிற சமயம் அவர் கையை நீட்டிக்கொண்டு போனார். என் பொறுமையைப் பற்றி அவர் சொன்னதற்கெல்லாம் சத்தியம் என்று சூடம் அணைத்துவிட்டால் அம்மனுக்கே பொறுக்காது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கூண்டை விட்டு எட்டிப் பாய்ந்து, அவர் கை படுவதற்கு முன் சூடத்தை நானே ஊதி அணைத்தேன். “போதுங்க, உட்காருங்க” என்று அவரை ஒரு அதட்டல் போட்டேன்.

ஜனங்கள் ஒன்ஸ் மோர் கேட்டார்கள்.